கொள்கலனுக்குள் இயந்திரக் கற்றல்: யாழ்ப்பாணத்து மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலியில் ஒரு சிறிய அறையில் ஜிபியு என்னும் வரைகலைச் செயலி அட்டை பொருத்திய ஒரேயொரு மேசைக்கணினியை வைத்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் பத்துப் பன்னிரண்டு மாணவர்களுடன் இயந்திரக் கற்றல் பயிற்சி நடத்தி வருகிறேன். பழைய தமிழ்ப் பத்திரிகைப் பக்கங்களின் படங்களைக் கணினி வாசிக்கக்கூடிய எழுத்தாக மாற்றுவதே எங்கள் பயிற்சிகளில் பெரும்பாலானவற்றின் பொருள். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே கேட்பதால், சொன்ன விடைகளை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். எங்கள் ஊர் இணைப்பின் வேகத்தையும் மின்சாரத்தின் குணத்தையும் மனதில் வைத்தே விடைகள் எழுதப்பட்டுள்ளன.

கொள்கலன் என்பது என்ன? அது மெய்நிகர் இயந்திரம்தானே?

இல்லை. மெய்நிகர் இயந்திரம் தனக்கென்று ஒரு முழு இயங்குதளத்தையும் அதன் மையப் பகுதியாகிய கெர்னலையும் கொண்டு ஓடுகிறது. கொள்கலனோ தன்னை ஓடவிடும் தாய்க்கணினியின் லினக்ஸ் கெர்னலையே பயன்படுத்தும் சாதாரணச் செயல்முறை. அதற்குத் தெரிகின்ற கோப்புகள், வலையமைப்பு, பிற செயல்முறைகள் ஆகியவற்றை மட்டும் கெர்னல் வரையறுத்து, தனியாக ஒரு கணினியில் இருப்பதுபோன்ற தோற்றத்தை அதற்குக் கொடுக்கிறது. இந்தப் பிரிப்பைச் செய்வது நேம்ஸ்பேஸ் என்னும் வசதி. எவ்வளவு நினைவகம், எவ்வளவு சிபியு என்று அளந்து கொடுப்பது சி-குரூப் என்னும் வசதி. கூகுள் பொறியியலாளர்கள் 2006இல் தொடங்கிய சி-குரூப் வேலை 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.24இல் சேர்ந்தது. ஆகவே, 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் பைதன் மாநாடொன்றில் டொக்கர் என்னும் கொள்கலன் மென்பொருளை அறிமுகப்படுத்தியபோது அடிப்படை வசதிகள் ஏற்கெனவே கெர்னலில் இருந்தன. அவற்றைச் சாதாரண ஆளும் கையாளத்தக்க நான்கைந்து கட்டளைகளாகச் சுருக்கியதும், படிமம் என்னும் பொதியை எளிதாகக் கட்டவும் பகிரவும் வழி செய்ததுமே டொக்கரின் பங்கு.

படிமம், கொள்கலன் என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். படிமம் மாறாத பொதி. அதை ஓடவிடும்போது உருவாவது கொள்கலன். ஒரு படிமத்திலிருந்து எத்தனை கொள்கலன்களையும் ஓடவிடலாம்.

பைதனின் மெய்நிகர் சூழல் போதாதா? எதற்கு இந்தச் சுமை?

பல வேளைகளில் போதும். சைக்கிட்-லேர்ன், பாண்டாஸ் ஆகியவற்றைக் கொண்டு ஒரு அட்டவணைத் தரவைப் படித்துப் பார்ப்பதற்காகக் கொள்கலன் கட்டும் மாணவரை நான் தடுத்துவிடுவேன். வென்வ் என்னும் மெய்நிகர் சூழல் பைதன் பொதிகளைப் பிரித்துவைக்கிறது; அந்த வேலையைச் செவ்வையாகவே செய்கிறது.

ஆனால் பைதனுக்கு வெளியே உள்ளவற்றை அது தொடுவதில்லை. எங்கள் எழுத்துணரி வேலையையே பாருங்கள். பைடெசராக்ட் என்ற பைதன் பொதியை நிறுவியவுடன் எல்லாம் முடிந்தது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அது வெறும் கைப்பிடிதான். உண்மையில் படத்தை வாசிப்பது டெசராக்ட் என்னும் தனி மென்பொருள்; அதை இயங்குதளத்தில் நிறுவவேண்டும், தமிழுக்குரிய பயிற்சித் தரவையும் வேறாக நிறுவவேண்டும். ஒருவரின் கணினியில் டெசராக்டின் 3ஆம் பதிப்பும் இன்னொருவரின் கணினியில் 4ஆம் பதிப்பும் இருந்தால், ஒரே நிரல் ஒரே பக்கத்தை இருவிதமாக வாசிக்கும். 2018இல் வந்த 4ஆம் பதிப்பு வாசிக்கும் முறையையே நரம்பு வலையமைப்புக்கு மாற்றியதுதான் அதற்குக் காரணம்.

இதை நான் வகுப்பில் மிளகாய்த்தூளைக் கொண்டு விளக்குவது வழக்கம். கனடாவிலுள்ள தங்கைக்குத் தூளின் செய்முறையை எழுதி அனுப்பினால், அங்கு கிடைக்கிற மிளகாயையும் மல்லியையும் வறுத்து அவர் இடிக்கும் தூள் வேறொரு சுவையில் வரும். பொதிகளின் பட்டியலை மட்டும் நண்பருக்கு அனுப்புவது இத்தகையது. வறுத்து இடித்த தூளையே கட்டி அனுப்புவதுதான் படிமம். ஆனால் தூளோடு அடுப்பை யாரும் அனுப்புவதில்லை. அது அவரவர் வீட்டில்தான் இருக்கவேண்டும். கெர்னலும் ஜிபியு அட்டையும் அதன் டிரைவரும் அந்த அடுப்பைச் சேர்ந்தவை. கொள்கலன் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்ற குழப்பங்களில் பாதி இந்த ஓர் இடத்தில் தெளிந்துவிடுகிறது.

என் மடிக்கணினியில் விண்டோஸும் 8 ஜிபி நினைவகமும்தான் உள்ளன. முடியுமா?

முடியும், அளவறிந்து செய்தால். விண்டோஸில் டொக்கர் ஓடுவது பெரும்பாலும் டபிள்யூ.எஸ்.எல்-2 என்னும் ஏற்பாட்டின் மேல்தான். அதற்குள் உண்மையான லினக்ஸ் கெர்னல் ஒன்று மெல்லிய மெய்நிகர் இயந்திரத்தில் இயங்குகிறது. வேறு எதுவும் சொல்லாவிட்டால், கணினியின் நினைவகத்தில் பாதி வரையே அது எடுத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் கொள்கலன்களுக்குக் கிடைப்பது 4 ஜிபி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எல்லையை ஓர் அமைப்புக் கோப்பின் மூலம் உயர்த்தலாம். ஆனால் விண்டோஸும் உலாவியும் மூச்சுவிட இடம் விடவேண்டும்.

பயிற்சி நடுவில் எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் கொள்கலன் நின்றுபோய், வெளியேற்ற எண் 137 என்று காட்டினால், பெரும்பாலும் நினைவகம் தீர்ந்து கெர்னல் அச்செயல்முறையைக் கொன்றுவிட்டது என்று பொருள். 128உடன், கொல்லும் சைகையின் எண்ணாகிய 9ஐக் கூட்டினால் வருவதே 137. நிரலில் பிழை தேடி இரவைக் கழிக்காமல், ஒரே தடவையில் எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள்.

படிமங்கள் பல ஜிபி அளவில் உள்ளன. எங்கள் டேட்டா பொதியில் இதை எப்படி இறக்குவது?

இந்தப் பக்கத்திலேயே மிகவும் பயனுள்ள விடை இதுவாக இருக்கலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது, தேவையில்லாததை இறக்காதீர்கள். நரம்பு வலையமைப்புகளைப் பயிற்றும் நூலகமாகிய பைடோர்ச்சை லினக்ஸில் வழக்கமான முறையில் நிறுவினால் என்விடியா அட்டைகளுக்குரிய கியூடா நூலகங்கள் அனைத்தும் கூடவே வந்து சேரும். அவை மட்டுமே சில ஜிபி. உங்களிடம் என்விடியா அட்டை இல்லையென்றால் அத்தனையும் வீண். சிபியுவுக்கு மட்டும் என்று பைடோர்ச் குழுவினர் தனியாக வெளியிடும் தொகுப்பைச் சுட்டி நிறுவினால், இறக்கம் சில நூறு எம்பியோடு முடிந்துவிடும். அடித்தளப் படிமத்திலும் அப்படியே. பைதனின் முழுப் படிமம் ஏறக்குறைய 1 ஜிபி இடத்தைப் பிடிக்கிறது, அதன் 'ஸ்லிம்' வடிவம் அதில் ஏழில் ஒரு பங்குகூட வராது.

இரண்டாவது, அடுக்குகளின் ஒழுங்கு. படிமத்தைக் கட்டும் கட்டளைகள் அடங்கிய கோப்பாகிய டொக்கர்ஃபைலின் ஒவ்வொரு முக்கியக் கட்டளையும் ஓர் அடுக்காகிறது. ஓர் அடுக்கு மாறினால் அதற்குப் பின் வரும் எல்லா அடுக்குகளும் மீண்டும் கட்டப்படும். ஆகவே முதலில் பொதிப் பட்டியலை மட்டும் நகலெடுத்து நிறுவிவிட்டு, அதன் பின்னரே உங்கள் நிரலை நகலெடுங்கள். இதை மாற்றிச் செய்த ஒரு மாணவர், நிரலில் ஒரு காற்புள்ளியைத் திருத்தியபோதெல்லாம் பைடோர்ச்சை முழுவதுமாக மீண்டும் இறக்கி, ஒரு மாதத்து டேட்டாவை இரண்டு மாலைகளில் முடித்துவிட்டார். 'டொக்கர் இக்னோர்' கோப்பில் தரவுக் கோப்புறையின் பெயரை எழுதி வைப்பதும் அவசியம். இல்லையேல் தரவு முழுவதும் படிமத்துக்குள் சென்று குந்திக்கொள்ளும்.

மூன்றாவது, ஒருவர் இறக்கினால் எல்லோருக்கும் போதும். 'டொக்கர் சேவ்' கட்டளை ஒரு படிமத்தை ஒரே கோப்பாக எழுதித்தரும். அதைப் பென்டிரைவில் எடுத்துச்சென்று இன்னொரு கணினியில் 'டொக்கர் லோட்' கொடுத்தால், இணையமே இல்லாமல் படிமம் வந்துவிடும். இங்கே இரண்டு இடறுகற்கள் உண்டு. 'சேவ்' என்பதற்குப் பதிலாக 'எக்ஸ்போர்ட்' கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்; அது கொள்கலனின் கோப்புகளை மட்டும் தட்டையாக எடுத்துத்தருமேயன்றி, அடுக்குகளையோ தொடக்கக் கட்டளை போன்ற அமைப்புகளையோ காப்பதில்லை. மற்றையது பென்டிரைவின் வடிவமைப்பு. பழைய ஃபாட்-32 வடிவத்தில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டமுடியாது. நகலெடுப்பு இறுதிக்கட்டத்தில் முறியும்போதுதான் அது தெரியவரும். எக்ஸ்ஃபாட் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது கோப்பைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஒரே அறையில் பலர் வேலை செய்வதானால் படிமங்களைச் சேமித்து வழங்கும் உள்ளூர்ப் பதிவகம் ஒன்றை நிறுவிக்கொள்ளலாம். அதுவும் ஒரு கொள்கலன்தான். வழக்கமாக 5000ஆம் போர்ட்டில் ஓடும். எங்கள் மேசைக்கணினி அடிப்படைப் படிமங்களை ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ள, மாணவர்கள் வைஃபை வழியாக அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. இணையத்தில் படிமங்களின் பொதுப் பதிவகமாகிய டொக்கர் ஹப் 2020 நவம்பர் முதல், கணக்கு இல்லாமல் இறக்குபவர்களை ஐ.பி முகவரியைக் கொண்டு எண்ணிக் கட்டுப்படுத்துகிறது. ஒரே ரவுட்டரின் பின்னால் இருக்கும் பன்னிரண்டு பேரும் அதன் கண்ணுக்கு ஒரே ஆள்.

அல்பைன் படிமம் இன்னும் சிறியதாயிற்றே?

சிறியதுதான், ஆனால் இந்த வேலைக்கு வேண்டாம். அல்பைன், வழக்கமான சி நூலகத்துக்குப் பதிலாக மஸ்ல் என்பதைப் பயன்படுத்துகிறது. முன்கூட்டியே தொகுக்கப்பட்ட பைதன் பொதிகள் பல அதற்கென வெளியிடப்படுவதில்லை. சிலவற்றை மூலநிரலிலிருந்து தொகுக்கவேண்டி வரும், பைடோர்ச் போன்றவற்றில் அதுவும் எளிதாகக் கைகூடாது. 100 எம்பியை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு நாளை இழப்பீர்கள்.

ஜிபியு அட்டையைக் கொள்கலனுக்குள் எப்படிக் காட்டுவது?

மேலே சொன்ன அடுப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். என்விடியா டிரைவர் தாய்க்கணினியில் இருக்கவேண்டும். கியூடா நூலகங்கள் படிமத்துக்குள் இருக்கவேண்டும். இரண்டையும் இணைப்பது, என்விடியா வெளியிடும் கொள்கலன் கருவித்தொகுதி. அதைத் தாய்க்கணினியில் நிறுவி டொக்கருக்கு அறிவித்துவிட்டால், கொள்கலனை ஓடவிடும்போது 'ஜிபியுஸ்' என்னும் தெரிவைச் சேர்த்தால் போதும். 2019இல் வந்த டொக்கர் 19.03 முதல் இத்தெரிவு இருக்கிறது. அதற்கு முந்தைய காலத்து வழிகாட்டிகள் 'என்விடியா-டொக்கர்' என்ற தனிக் கட்டளையைச் சொல்வதைக் கண்டால், அந்த வழிகாட்டியையே ஒதுக்கிவிடுங்கள்.

கொள்கலனுக்குள் டிரைவரை நிறுவ முயல்வதே நான் அடிக்கடி காணும் தவறு. டிரைவரின் ஒரு பகுதி கெர்னலுக்குள் இயங்குவது, கெர்னலோ தாய்க்கணினியினுடையது. விண்டோஸில் டபிள்யூ.எஸ்.எல்-2 பயன்படுத்துபவர்களுக்கும் இதுவே விதி: விண்டோஸுக்கான டிரைவரை மட்டும் நிறுவுங்கள், உள்ளேயிருக்கும் லினக்ஸில் இன்னொரு டிரைவரை நிறுவினால் ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுவிடும்.

அடுத்த குழப்பம் பதிப்பு எண்களால் வருவது. என்விடியாவின் நிலை காட்டும் கருவி மேல்மூலையில் ஒரு கியூடா பதிப்பைக் காட்டும். அது நிறுவப்பட்டிருக்கும் கியூடாவின் எண்ணன்று. அந்த டிரைவர் அதிகபட்சமாக எந்தக் கியூடா வரை தாங்கும் என்பதையே குறிக்கிறது. டிரைவர் புதியதாகவும் படிமத்திலுள்ள கியூடா பழையதாகவும் இருந்தால் பிரச்சினை இல்லை. மறுவளமாக இருந்தால்தான் சிக்கல். கியூடா 12 வரிசைப் படிமங்களுக்கு 525 வரிசையோ அதற்குப் பிந்தியதோ ஆன டிரைவர் வேண்டும். கொழும்பிலிருந்து பாவித்த அட்டை வாங்கி வருபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: மிகப் பழைய அட்டைகளுக்கான ஆதரவைப் புதிய பைடோர்ச் பதிப்புகள் படிப்படியாகக் கைவிட்டு வருகின்றன. அங்கே கொள்கலன் உண்மையிலேயே கைகொடுக்கும், ஏனெனில் பழைய பைடோர்ச்சும் பழைய கியூடாவும் அடங்கிய படிமத்தைப் புதிய டிரைவரின் மேலேயே ஓடவிடலாம்; டிரைவர் அந்த அட்டையை இன்னும் ஏற்றுக்கொள்ளும் வரைக்கும்.

ஆப்பிள் மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி இல்லை. அங்கு டொக்கர் கொள்கலன்கள் ஒரு லினக்ஸ் மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடுவதால், ஆப்பிள் ஜிபியுவைப் பைடோர்ச் தனக்குரிய வழியில் அணுக முடியாது. அவர்கள் வென்வ் சூழலிலேயே பயிற்சி செய்வது நல்லது.

தரவையும் பயிற்றிய மாதிரியையும் எங்கே வைப்பது?

வெளியே. கொள்கலனுக்குள் எழுதப்படுபவை அந்தக் கொள்கலனை நீக்கும்போது அதனோடு போய்விடும். மூன்று நாள் பயிற்றிய மாதிரியை இவ்வாறு இழந்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன். தாய்க்கணினியின் கோப்புறை ஒன்றைக் கொள்கலனுக்குள் இணைத்துக் காட்டுங்கள், அல்லது டொக்கரே பராமரிக்கும் சேமிப்பிடமாகிய வொல்யூமைப் பயன்படுத்துங்கள். மூலத் தரவுக் கோப்புறையை வாசிப்பதற்கு மட்டும் என்று இணைப்பது நல்ல பழக்கம்.

இவ்வாறு இணைத்த பின் வருகிற முறைப்பாடு ஒன்று உண்டு: "கொள்கலன் எழுதிய கோப்பை என்னால் அழிக்க முடியவில்லை." வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், கொள்கலனுக்குள் நிரல் முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக ஓடுகிறது, ஆகவே அது எழுதும் கோப்பும் ரூட்டுக்குச் சொந்தமாகிறது. ஓடவிடும்போது 'யூசர்' தெரிவில் உங்கள் சொந்தப் பயனர் எண்ணைக் கொடுத்தால் இது தீரும். டபிள்யூ.எஸ்.எல்-2இல் தரவை விண்டோஸின் சி வட்டில் வைத்துக்கொண்டு உள்ளிருந்து வாசித்தால் வேகம் மிகவும் குறையும். ஆயிரக்கணக்கான சிறு படங்களை வாசிக்கும்போது அது பளிச்சென்று தெரியும். தரவை லினக்ஸ் பக்கத்துக்கே நகர்த்திவிடுங்கள்.

பயிற்சி நடுவில் மின்சாரம் போனால்?

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் படித்த பாடம் இது. கொள்கலனுக்கு 'அன்லெஸ் ஸ்டொப்ட்' என்னும் மறுதொடக்க விதியைக் கொடுத்தால், கணினி மீண்டும் எழும்போது டொக்கரும் அதனுடன் கொள்கலனும் தாமாகவே எழும். ஆனால் எழுந்த நிரல் முதலிலிருந்துதான் தொடங்கும். விட்ட இடத்தை அது அறியாது. எனவே நிரலே குறித்த இடைவெளிகளில் மாதிரியின் எடைகளையும், அவற்றைத் திருத்தும் ஆப்டிமைசரின் நிலையையும் எத்தனையாவது சுற்று என்பதையும் வெளிக் கோப்புறையில் சேமிக்கவேண்டும். தொடங்கும்போது அத்தகைய சேமிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதிலிருந்து தொடரவேண்டும். ஆப்டிமைசரைச் சேமிக்க மறப்பவர்கள் அதிகம். அப்படி மறந்தால், தொடர்ந்த பின் இழப்பு வளைகோடு திடீரென மேலெழும்பி மெதுவாகவே இறங்கும்.

சேமிக்கும் கணத்திலேயே மின்சாரம் போனால் கோப்பு அரைகுறையாகிவிடும். ஆகவே முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, அதன் பின் சரியான பெயருக்கு மாற்றுங்கள். பழைய சேமிப்பு ஒன்றையும் கையில் வைத்திருங்கள்.

தரவை வாசிக்கும் துணைச் செயல்முறைகளைக் கூட்டினால் 'பஸ் எரர்' வருகிறது. ஏன்?

டொக்கர் ஒவ்வொரு கொள்கலனுக்கும் பகிர்நினைவகமாக 64 எம்பியே ஒதுக்குகிறது. பைடோர்ச்சின் டேட்டாலோடர் தன் துணைச் செயல்முறைகளுக்கிடையே படங்களைக் கைமாற்றுவது அந்த இடத்தின் வழியாகத்தான். ஓடவிடும் கட்டளையில் அந்த அளவை 1 அல்லது 2 ஜிபியாக உயர்த்துங்கள். நிரலில் தவறில்லை.

கொள்கலனுக்குள் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.

மெலிந்த படிமங்களில் தமிழ் எழுத்துரு எதுவும் இராது. டொக்கர்ஃபைலில் நோட்டோ அல்லது லோகித் எழுத்துருப் பொதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டங்கள் போன பின்னும் மேட்பிளாட்லிப் வரைபடங்களில் 'கொ', 'கெ' போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி நிற்பதைப் பார்ப்பீர்கள். அதற்குக் கொள்கலன் பொறுப்பல்ல. இந்திய எழுத்துகளை முறையாகக் கோக்கும் வசதி மேட்பிளாட்லிப்பில் நெடுங்காலமாக இல்லாததே காரணம். படத்தின் மேல் தமிழ் எழுத வேண்டுமானால் ராக்ம் துணையுடன் கூடிய பில்லோ நூலகம் சரியாக எழுதும்.

எழுத்துணரியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் முதலான முயற்சிகளின் பயனாக ஈழத்து நூல்களும் இதழ்களும் பெருந்தொகையாகப் படவடிவில் கிடைப்பதால், அவற்றை வாசித்துப் பார்க்க மாணவர்கள் ஆவலாக வருகிறார்கள். அவற்றுள் முற்பட்டவை, தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, ணை, றா வடிவங்களில் அச்சானவை. இன்றைய எழுத்துருக்களைக் கொண்டு பயிற்றிய மாதிரி அங்கே தடுமாறும். படிமத்தை எத்தனை தடவை மாற்றிக் கட்டினாலும் அது திருந்தாது; அந்த வடிவங்களைக் காட்டி மேலும் பயிற்றுவதே வழி.

கொள்கலனின் கடிகாரம் பற்றியும் கேட்கிறார்கள். அது உலகப் பொது நேரத்தைக் காட்டுவதால், பதிவேட்டில் நேரம் 5 மணி 30 நிமிடம் பின்தங்கியிருக்கும். நேரவலயத்தை 'ஆசியா கொழும்பு' என்று அமைத்தால் போதும். சில படிமங்களில் நேரவலயத் தரவுப் பொதியையும் நிறுவவேண்டியிருக்கும்.

ஜுபிட்டர் குறிப்பேட்டைக் கொள்கலனில் திறந்துவிட்டால் ஆபத்து உண்டா?

உண்டு, பலர் நினைப்பதைவிட அதிகம். ஜுபிட்டர் என்பது எந்தக் கட்டளையையும் ஓடவிடக்கூடிய கதவு. 8888ஆம் போர்ட்டை வெறுமனே வெளிப்படுத்தினால், வழக்கமாக அது கணினியின் எல்லா வலையமைப்பு முகவரிகளிலும் திறக்கும். உபுண்டுவின் யு.எஃப்.டபிள்யூ தீச்சுவரில் அந்தப் போர்ட்டை அடைத்திருக்கிறேனே என்று ஆறுதல் கொள்ளவேண்டாம். டொக்கர் தன் விதிகளைக் கெர்னலில் நேரடியாக எழுதுவதால், அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போகும். போர்ட்டின் முன்னால் 127.0.0.1 என்ற முகவரியைச் சேர்த்து, உங்கள் கணினிக்குள் மட்டும் திறக்கச் செய்யுங்கள். தொலைவிலிருந்து அணுக வேண்டுமானால் எஸ்.எஸ்.எச் சுரங்கத்தின் வழியாக வாருங்கள். ஜுபிட்டரின் கடவுச்சொல் போன்ற டோக்கனை நீக்கச் சொல்லும் வழிகாட்டிகளைப் பின்பற்றவேண்டாம்.

இணையத்தில் கிடைக்கும் பயிற்றிய மாதிரிகளின் கோப்புகளிலும் கவனம் தேவை. பைதனின் பிக்கிள் வடிவக் கோப்பு திறக்கப்படும்போதே தனக்குள் ஒளித்துவைத்த நிரலை ஓடவிட முடியும். சேஃப்டென்சர்ஸ் வடிவம் கிடைத்தால் அதையே எடுங்கள். கொள்கலன் பாதிப்பைச் சற்றுக் குறைக்குமே தவிர, முழுமையான மதில் ஆகாது.

பல்கலைக்கழகச் சேவையகத்தில் டொக்கர் அனுமதி தர மறுக்கிறார்கள். நியாயமா?

நியாயம்தான். டொக்கர் குழுவில் ஒருவரைச் சேர்ப்பது அவருக்கு ரூட் அதிகாரத்தையே கொடுப்பதற்குச் சமம், ஏனெனில் தாய்க்கணினியின் முழு வட்டையும் ஒரு கொள்கலனுக்குள் இணைத்துத் திருத்திவிடலாம். பலர் பகிரும் கணினியை நிர்வகிப்பவர் அதற்கு இணங்கமாட்டார். ரூட் அதிகாரம் இல்லாமலே ஓடும் பொட்மனைக் கேட்டுப் பாருங்கள். கட்டளைகள் பெரும்பாலும் ஒன்றே. ஆய்வுக் கணினிகளுக்கென்றே உருவான அப்டெய்னர் இன்னும் பொருத்தமானது. 2015இல் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் சிங்குலாரிட்டி என்ற பெயரில் தொடங்கி, 2021இல் லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் வந்தபோது இப்பெயரைப் பெற்றது. டொக்கர் படிமத்தை அது ஒரே கோப்பாக மாற்றி, உங்கள் சொந்தப் பயனர் உரிமையிலேயே ஓடவிடும்.

பெரிய மொழி மாதிரிகளையும் இப்படி ஓடவிடலாமா?

சிறியவற்றை ஓடவிடலாம். மொழி மாதிரிகளை ஓடவிடும் மென்பொருளாகிய ஒலாமாவின் படிமம் 11434ஆம் போர்ட்டில் சேவை தரும். 700 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரியை 4 பிட்டாகச் சுருக்கினால் ஏறத்தாழ 4 ஜிபி. அதை வொல்யூமில் வையுங்கள், படிமத்துக்குள் வைக்கவேண்டாம். சிபியுவில் விடை சொட்டுச்சொட்டாகத்தான் வரும். தமிழை ஆங்கிலத்தைவிடக் கூடுதல் துண்டுகளாக உடைத்தே இம்மாதிரிகள் பெரும்பாலானவை கையாள்வதால், தமிழில் இன்னும் ஆறுதலாக வரும்.

அதே படிமத்தை ஓடவிட்டால் அதே விடை வருமா?

அதே மென்பொருள் வரும்; அதே எண்கள் வரும் என்ற உறுதி இல்லை. 'லேட்டஸ்ட்' என்ற அடையாளச்சொல் இன்று ஒரு படிமத்தையும் அடுத்த மாதம் இன்னொன்றையும் குறிக்கலாம். ஆகவே பதிப்பு எண்ணை எழுதுங்கள். ஆய்வுக்கட்டுரைக்கான வேலையானால் படிமத்தின் ஷா-256 கைரேகையையே குறித்துவையுங்கள். சமவாய்ப்பு விதையை நிரலில் நிறுத்தவேண்டும். அதன் பின்னும், ஜிபியுவில் சில கணிப்புகள் கூட்டப்படும் வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவதால் கடைசித் தசம இடங்கள் வேறுபடலாம். வேறு வகை அட்டையில் ஓடவிட்டால் அந்த வேறுபாட்டை எதிர்பார்த்தே இருங்கள்.

குபெர்நெட்டீஸ் கற்கவேண்டுமா?

அது பல கணினிகளில் கொள்கலன்களை நிர்வகிக்கும் மென்பொருள்; ஒரு கணினிக்கு வேண்டாம். சில கொள்கலன்களை ஒரே கோப்பில் விவரித்து ஓடவிடும் டொக்கர் கொம்போஸ் போதும்.

டொக்கருக்குக் காசு கட்டவேண்டுமா?

லினக்ஸில் ஓடும் டொக்கர் என்ஜின் திறந்தமூல மென்பொருள். டொக்கர் டெஸ்க்டாப் மட்டும், 2021 ஆகஸ்ட் இறுதியில் வந்த மாற்றத்தின் பின், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் அல்லது ஆண்டு வருமானம் 1 கோடி டொலரைத் தாண்டும் நிறுவனங்களுக்குக் கட்டணமானது. மாணவர்கள் கவலைப்படத் தேவையில்லை.

வட்டு நிறைந்துவிட்டது. எதை அழிக்கலாம்?

முதலில் 'டொக்கர் சிஸ்டம் டி.எஃப்' கொடுத்து எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பெயரிழந்த பழைய படிமங்களும் கட்டும்போது சேர்ந்த இடைச்சேமிப்புமே காரணமாக இருக்கும். 'டொக்கர் சிஸ்டம் ப்ரூன்' அவற்றையும் நின்றுபோன கொள்கலன்களையும் நீக்கும். வொல்யூம்களை நீங்கள் தனியாகச் சொன்னாலன்றி அது தொடாது, ஆனால் நின்றுபோன கொள்கலனுக்குள் ஏதேனும் எழுதி வைத்திருந்தால் அது போய்விடும் என்பதால் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் இவ்வளவும் செய்த பின்னும் சி வட்டில் இடம் கூடாதிருப்பதைக் கண்டு திகைக்கவேண்டாம்: டபிள்யூ.எஸ்.எல்-2இன் மெய்நிகர் வட்டுக் கோப்பு வளருமே தவிர, வழக்கமாகத் தானாகச் சுருங்குவதில்லை. அதை நிறுத்திவிட்டு, 'டிஸ்க்பார்ட்' கருவியால் அந்தக் கோப்பைச் சுருக்கிய பிறகே இடம் திரும்பக் கிடைக்கும்.